ஆத்துக்கு ஆறு, ரோட்டுக்கு இருபது

முருகன் துணை

திருத்தணி,
ஆடி 9

அன்பு மகள் யுவஸ்ரீக்கு,

உன் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை விஜயனும் அப்படியே இருக்கிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்தபோதே தெரிந்தது, ஆனாலும் எழுத்தில் ஒருமுறை கேட்டுக்கொண்டால்தான் எனக்குக் கடிதம் தொடங்கும். தோள் எப்படி இருக்கிறது? கையை முழுக்கத் தூக்கித் தலைவாரிக்கொள்ள முடிகிறதா? இங்கே மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் நகரிப் பக்கத்திலிருந்தும் புத்தூர்ப் பக்கத்திலிருந்தும் காவடிக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், நம் தெருவில் மஞ்சள் வேட்டி உலராத கொடி இல்லை. அம்மா இந்த வருஷம் படி ஏறமாட்டாளாம், முழங்கால் கேட்கவில்லை, பஸ்ஸிலேயே மலைக்குப் போகிறேன் என்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். சொல்ல வேண்டியது வேறு ஒன்று. ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், உன் முகம் திரையில் வந்ததும் மழை, முழங்கால், மின்வெட்டு என்று பேசிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். காகிதத்துக்கு முகம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மாசி மாதம் நீ லீவில் வந்திருந்தபோது ஆற்று மணலில் சைக்கிளிலிருந்து விழுந்தாயே, அதைப் பற்றித்தான். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசையாக எழுதாவிட்டால் நடுவில் எதையாவது விட்டுவிடுவேன், நான் விடுவது எனக்குச் சாதகமானதாகத்தான் இருக்கும். போன வருஷம் அந்தக் குண்டு டயர் சைக்கிளை நீ கே.ஜி.கண்டிகையில் கோதண்டம் சைக்கிள் கடைக்கு முதன்முதலாகக் கொண்டுபோனபோது அவன் டயரைத் தட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா இது, எருமைக்குச் சக்கரம் கட்டினா மாதிரி இருக்குது" என்று சிரித்ததாகவும், பாலைவன மணலில் நீங்கள் ஓட்டுகிற வீடியோவைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டு இரண்டு முறை பார்த்ததாகவும் நீயே வந்து சொன்னாய். மணலில் டயர் அகலமாகப் படுக்க வேண்டும், அதற்குக் காற்று குறைவாக இருக்க வேண்டும், இறுக்கமாக இருந்தால் மணலுக்குள் இறங்கிவிடும் என்று அவனுக்கு விளக்கினாய். மணலுக்கு ஆறு பவுண்டு, தார்ச்சாலைக்கு இருபது. அவன் அதைக் கடை வாசல் பலகையில் பெயிண்டால் எழுதிவைத்தான், "ஆத்துக்கு ஆறு, ரோட்டுக்கு இருபது" என்று. உன் பேச்சை நம்பி அதே மாதிரி நாலு சைக்கிள் வாங்கி வாடகைக்குப் போட்டான். கொசஸ்தலை மணலில் தொடங்கி, ஏரிக்கரை மேல் ஏறி, கடலைக் கொல்லை ஓரத்து வண்டிப்பாதையில் இறங்கி, மலையடிவாரத்துச் சரளையில் முடிகிற மாதிரி ஒரு வழியை அவனே நடந்து நடந்து கண்டுபிடித்தான். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உனக்கு அவன்மேல் ஒரு பெருமை இருந்தது, எனக்கும்தான்.

நீ விழுந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் கோதண்டம் உன் சைக்கிளுக்கு ஆறு வைத்து, நம் வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். விடிந்ததும் அவனுடைய மினி வேனில் ஏற்றிக்கொண்டு நீயும் உன் சித்தி மகள் மோனிகாவும் ஆற்றங்கரைக்குப் போவதாக ஏற்பாடு. காலை ஐந்தரை மணி இருக்கும், நீ குளித்துக்கொண்டிருந்தாய், அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் பால் பாத்திரத்தோடு வெளியே வந்தவன், சைக்கிளைப் பார்த்ததும் பழக்கத்தில் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. அரக்கோணத்தில் முப்பத்துநாலு வருஷம் ரயில் பெட்டிகளின் பிரேக்கில் காற்று சோதித்தவன் நான். எஞ்சினில் ஐந்து கிலோ, கடைசிப் பெட்டியில் நாலு புள்ளி எட்டு, அதற்குக் கீழே முள் இறங்கினால் வண்டி பிளாட்பாரத்தை விட்டு நகரக்கூடாது. ஆறு பவுண்டு என்பதை என் கணக்குக்கு மாற்றினால் அரைக் கிலோகூட வராது. அரைக் கிலோவில் என் மகளை அனுப்புவதா என்று தோன்றியது. பலகையில் எழுதியிருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். நீ எனக்கே இரண்டு முறை விளக்கியிருக்கிறாய். கேட்டுக்கொண்டேனே தவிர நம்பவில்லை. உள்ளே போய்ப் பம்பை எடுத்துவந்து இரண்டு சக்கரத்துக்கும் இருபது வரைக்கும் அடித்தேன், பம்பிலிருக்கிற காற்றளவு கேஜைப் பார்த்துப் பார்த்து, ஒரு கோடு கூடாமல் குறையாமல். இருபது என்பதும் அந்தப் பலகையில் இருக்கிற எண்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காப்பி குடிக்கும்போது உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சொன்னால் நீ வழக்கம்போல, "நைனா, இது ரயில் இல்ல" என்று மோனிகா முன்னால் சிரிப்பாய் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் காரணம் மகளே, வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வேன் வந்தது, சைக்கிளை ஏற்றினார்கள், நீ கையாட்டினாய், நானும் ஆட்டினேன்.

மோனிகா எட்டு மணிக்குப் போன் செய்தாள். கரைச் சரிவிலிருந்து வேகமாக இறங்கினாய், மணலைத் தொட்டதும் முன் சக்கரம் புதைந்து நின்றது, நீ மட்டும் முன்னால் போய் விழுந்தாய் என்றாள். அவள் ஓட்டிய கோதண்டத்தின் கடைச் சைக்கிள் மணல்மேல் அழகாகப் போயிற்றாம், உன்னுடையது மட்டும் டயர் கல் மாதிரி இருந்ததாம். அரக்கோணத்தில் எலும்பு டாக்டர் காறை எலும்பு உடைந்திருக்கிறது என்று சொன்னபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எல்லோரும் பாசம் என்று நினைத்தார்கள். கோதண்டம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று, "ஆறுதான் வெச்சேன் பாப்பா, சத்தியமா ஆறுதான் வெச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆற்றங்கரையில் சைக்கிளை வேனில் ஏற்றும்போது பதற்றத்தில் அவன் டயரிலிருந்த காற்றை இறக்கிவிட்டிருந்தான், அதனால் எவ்வளவு இருந்தது என்று அளக்க வழியில்லாமல் போயிற்று. மறைக்கத்தான் இறக்கினான் என்று நீ சொன்னாய். கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, வலியில் உன் முகம் வெளுத்திருக்க, அவனைப் பார்த்து, "உங்கள நம்பித்தானே அண்ணா நான் அழுத்திக்கூடப் பாக்கல" என்று கேட்டாய். அதற்குப் பதில் வைத்திருந்த நான் பக்கத்தில் உன் மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதோடு விட்டேனா, அவன் போன பிறகு உன்னிடம், "விடும்மா, அவனும் மனுஷன்தானே, கை தவறியிருக்கும்" என்று வேறு சொன்னேன். நீ, "நீங்க ரொம்ப நல்லவரு நைனா" என்றாய். அந்தச் சொல்லை இந்த ஐந்து மாதமாக எங்கே வைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

நீ ஊருக்குப் போன வாரத்தில், போனில் அவன் கடைப் பெயரைத் தட்டினால் வருகிற இடத்தில், ஒற்றை நட்சத்திரம் போட்டு, இங்கே காற்றை நம்பி ஏறாதீர்கள், எலும்பு போகும் என்று எழுதினாய். உன்னைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை, உனக்குத் தெரிந்த வரைக்கும் அது உண்மை. அதை எழுதியதாகச் சொல்லி நீ எனக்குப் படித்துக் காட்டினாய், நானும் சரி என்றேன். அடுத்த மாதத்திலிருந்து சென்னை ஆட்கள் வரவில்லை. நாலு சைக்கிளும் கடைக்குப் பின்னால் சாக்குப் போர்த்தி நிற்கின்றன. எதிரே டீக்கடை வைத்திருக்கிற பரந்தாமன், பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம், "கோதண்டங்கிட்ட காத்து புடிச்சா கட்டு இனாம்" என்று சொல்லிச் சிரிக்கிறான், அவன் விளையாட்டுக்குத்தான் சொல்கிறான், ஆனால் அந்தப் பேச்சு ஆர்.கே.பேட்டை பஸ் வரைக்கும் போய்விட்டது. பலகையில் இருந்த எழுத்தைக் கோதண்டமே சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டான்.

இனி எழுதப்போவது முன்னதைவிட மோசமானது. வைகாசியில் ஒருநாள் அவன் தன் கேஜை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். "சார், நீங்க ரயில்வேல காத்து பாத்தவரு. இது பொய் சொல்லுதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். முள்ளு எங்கயாவது சிக்கிக்கினு ஆறுன்னு காட்டிச்சோ இன்னாவோ" என்றான். தன் கைமேல் சந்தேகம் வந்து, அதற்கு முன் கருவியைச் சோதித்துவிடலாம் என்று வந்திருக்கிறான், எவ்வளவு முறையான மனிதன் பார். நானும் முறையாகத்தான் செய்தேன். கொத்தனார் மட்டம் பார்க்கிற, உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே தொங்கவிட்டு, அதன் அடி நுனியைத் தண்ணீர் நிரப்பி இறுக மூடிய ஒரு பாட்டிலுக்குள் விட்டு, அந்தப் பாட்டிலுக்குள் காற்று அடித்தால் தண்ணீர் குழாயில் ஏறும். ஆறு பவுண்டுக்குப் பதினாலடிக்கு இரண்டு அங்குலம் குறைவாக ஏற வேண்டும். நான் டேப் வைத்து அளந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு மேலே நின்றேன், அவன் கீழே பம்பையும் கேஜையும் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். முள் ஆறில் நின்றதும், "ஆறு சார்" என்று குரல் கொடுத்தான். தண்ணீர் ஏறிவந்து, கொஞ்சம் ஆடி, என் பென்சில் கோட்டின் மேலேயே நின்றது. மயிரிழை வித்தியாசம் இல்லை. அவன் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது. அண்ணாந்து பார்த்து, "எவ்ளோ சார்?" என்று கேட்டான். நான், "ஒன்றரை அடி மேல ஏறுதுப்பா, கேஜ்ல கோளாறு இருக்கு" என்றேன்.

ஒன்றரை அடி என்பது முக்கால் பவுண்டுகூட இல்லை மகளே. ஆறு வைத்ததை இருபது ஆக்க அது எந்தக் கணக்கிலும் போதாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும் பொய், அதைக்கூட நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. அவன் நம்பினான், ஏனென்றால் சொன்னவன் நான். "ஆங், அப்டியா சார், நல்லவேள பாத்தீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு பெட்டிக்குக்கூட நான் பொய் அளவு எழுதியதில்லை. மேலதிகாரி வண்டி தாமதமாகிறது என்று கத்தியபோதும் நாலு புள்ளி ஆறை நாலு புள்ளி எட்டு என்று எழுதாதவன், யாரும் கத்தாமல், யாரும் வற்புறுத்தாமல், என் வீட்டு மொட்டைமாடியில் நின்று பொய் அளவு சொன்னேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, வெயில் என்று சொல்லிவிட்டேன்.

முந்தாநாள் காலை கோதண்டமும் அவன் மனைவி ஜெயம்மாவும் வந்தார்கள். உன் சைக்கிளின் வளைந்த முன் சக்கரத்தை நேராக்கி, துடைத்து, எண்ணெய் போட்டு வேனில் கொண்டுவந்து இறக்கினான். ஜெயம்மா அவர்கள் கொல்லையில் பறித்த பச்சைக் கடலைக்காய் ஒரு பை கொண்டுவந்தாள். கோதண்டம், "பாப்பாவுக்கு ரெண்டு வரி எழுதிப் போடணும் சார். எனக்கு எழுத்து கோணிக்கினு போவும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க, கீழ நான் கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றான். நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அதற்கும் மறுக்கத் துணிவில்லை. "இன்னா எழுதணும்?" என்று கேட்டேன். "தப்பு என்னுதுன்னு எழுதுங்க சார், வேற இன்னா" என்றான். எழுதினேன். "தவறு என்னுடையது." என் கையெழுத்தில் அந்த வரியைப் பார்த்ததும் பேனா அதற்குமேல் நகரவில்லை. அவனுக்காக எழுதினாலும் எனக்குத்தான் உண்மையாகப் பொருந்துகிற வரி அது. கோதண்டம், "இன்னா சார், ஒடம்பு செரியில்லியா?" என்று கேட்டான். அப்போதுதான் சொன்னேன். பம்பு, இருபது, ஆஸ்பத்திரி, மொட்டைமாடி, எல்லாவற்றையும், தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தேன்.

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் முதலில் கேட்டது, "அப்போ என் கேஜ் நல்லாத்தான் இருந்துச்சா சார்?" என்பதுதான். ஆமாம் என்றேன். "இன்னொருத்தன் எடுத்து வெச்சிக்கினு, அவனும் உழுந்துடப் போறானேன்னு சுத்தியில அடிச்சி நசுக்கிட்டேனே" என்றான். அதற்குப் பிறகுதான், "ஏன் சார்?" என்று கேட்டான். ஒரே ஒரு கேள்வி. நீ சிரிப்பாய் என்று பயந்தேன் என்பதை அந்த மனிதன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவனுக்குப் பதிலாக ஜெயம்மாதான் பேசினாள். "அஞ்சு மாசமா இவரு தன் கையையே நம்பறதில்ல சார். ஒரு நட்டு முடுக்கினாக்கூட என்னைக் கூப்ட்டு, சரியா இருக்குதா பாருன்றாரு. எனக்கு இன்னா தெரியும் நட்டப் பத்தி? படிச்சவங்கன்னு உங்க ஊட்டு வாசப்படி ஏறினமே" என்றாள். கோதண்டம் பழக்கத்தில், "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். ஜெயம்மா வேன் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, வாசலில் வைத்திருந்த கடலைக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதைச் செய்ததற்காக எனக்கு அவள்மேல் மரியாதைதான்.

அவர்கள் போனதும் உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, எல்லாம் கேட்டேன் என்றாள். "அன்னிக்குப் பம்பு வாசல்லயே நின்னுகினு இருந்துது, நான்தான் எடுத்து உள்ள வெச்சேன். நீங்களே சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். பிறகு காப்பி கொடுத்தாள். நல்லவர் என்று நீ சொன்ன மனிதனை அவள் ஐந்து மாதம் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கோதண்டம் கடையைப் பற்றி எழுதியதை எடுத்துவிடு. எடுத்தால் மட்டும் போதாது, அங்கேயே, காற்றை மாற்றியது என் தகப்பனார், கடைக்காரர்மேல் தவறில்லை என்று எழுது. தகப்பனார் என்று மொட்டையாக விடாதே, என் பெயரையும் போடு. பெயர் இல்லாவிட்டால் யாரோ ஒருவன் என்று ஆகிவிடும், அப்படி ஒளிந்துகொண்டுதான் இத்தனை நாள் கழித்தேன். அவனோடு போனில் நீ பேசுவது உன் விருப்பம், நான் சொல்லிப் பேச வேண்டாம். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் நான் கண்டிகைக்குப் போகிறேன். பரந்தாமன் டீக்கடையில் கூட்டம் இருக்கிற நேரம் அது. அங்கே நின்று, நாலு பேர் கேட்க, சத்தமாகச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். என் குரல் நாலு பேருக்கு நடுவில் எழும்புமா என்று உனக்கே சந்தேகமாக இருக்கும், எனக்கும் இருக்கிறது. பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுகிற ஆள்தான் நான். அதனால்தான் முன்கூட்டியே உனக்கு எழுதி, இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். எழுதி அனுப்பிய பிறகு போகாமல் இருக்க முடியாது. கோதண்டம் என்ன சொன்னாலும், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாலும், கேட்டுக்கொண்டு வருவேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒரே வரிதான் இருக்கும். கோதண்டத்துக்காக எழுத உட்கார்ந்த தாள் அது, கீழே அவன் கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். இது உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிறு நீ போன் செய்யாவிட்டாலும் அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன் என்று எழுத வந்தேன், வேண்டாம், சமாளிக்கமாட்டேன், உனக்கு என்மேல் கோபம் என்று உண்மையையே சொல்வேன்.

தோளுக்கு அந்த டாக்டர் சொன்ன பயிற்சியை விடாதே. ஏசிக் காற்று நேராக அந்தத் தோள்மேல் படும்படி படுக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், வீட்டில் சிரிப்புக் குறையாமல் இருக்க வேண்டும் என்று மலைமேல் இருக்கிறவனைக் கேட்டுக்கொள்கிறேன், கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும். நீ மறுபடி மணலில் ஓட்டுவாய் என்று தெரியும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதே. ஏறுவதற்கு முன்னால் உன் கட்டைவிரலால் இரண்டு டயரையும் அழுத்திப் பார். காற்று வைத்தது எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் சரி, உன் தகப்பனாகவே இருந்தாலும் சரி, அழுத்திப் பார்த்துவிட்டு ஏறு.

உன் நைனா,
கஜபதி